நம்பிக்கையும் பகுத்தறிவும் பகையா?

“அறிவியல் படிக்கிறாய், ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்திற்கும் போகிறாய். இரண்டும் எப்படி ஒத்துப்போகும்?” பல்கலைக்கழகத்தில் என்னைப் போன்ற கிறிஸ்தவ மாணவர்கள் அடிக்கடி சந்திக்கும் கேள்வி இது. கேட்பவரைக் கோபிப்பதில் பயனில்லை. கேள்வி நியாயமானது. பதிலும் நேர்மையாக இருக்க வேண்டும்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்வோம். இயேசு உயிர்த்தெழுந்தார் என்பதை எந்த ஆய்வுக்கூடத்திலும் சோதித்துக் காட்ட முடியாது. அது நம்பிக்கை. ‘அறிவியலே நிரூபித்துவிட்டது’ என்று கூறி அதற்கு வலுச் சேர்க்க முயல்வது நம்பிக்கைக்கும் அழகன்று, அறிவியலுக்கும் அழகன்று. பெல்ஜிய நாட்டுக் கத்தோலிக்கக் குருவான ஜார்ஜ் லெமத்ர் இதை நன்கு உணர்ந்தவர். பேரண்டம் விரிவடைகிறது என்று 1927இல் கணக்கிட்டுக் காட்டியவர் அவர். 1951இல் போப்பாண்டவர் பன்னிரண்டாம் பயஸ் அத்தகைய ஆய்வுகளை இறைவனின் படைப்புக்குச் சான்றாகக் காட்டிப் பேசினார். லெமத்ர் அதை விரும்பவில்லை. தம் கோட்பாடு சமயக் கேள்விகளுக்கு வெளியே நிற்பது என்பதே அவர் நிலை.

திருச்சபை எப்போதும் இவ்வாறு நடந்துகொண்டதா? இல்லை. 1633இல் கலிலியோவைத் தண்டித்தது. அந்தத் தவற்றை வெளிப்படையாக ஏற்க 1992ஆம் ஆண்டு வரை ஆயிற்று. இதை மறைத்துவிட்டு வாதாடுவது முறையாகாது.

ஆயினும், நம்பிக்கையோடு ஆராய்ச்சியையும் வளர்த்தவர்கள் நம் தமிழுக்கு மிக அருகிலேயே இருக்கிறார்கள். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் ஒரு மிஷனரி. நோயாளிகளுக்காக ஜெபிப்பதோடு அவர் நின்றுவிடவில்லை. மேலை மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். நம் நாட்டிலோ, மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைவராக இருந்த தனிநாயகம் அடிகள் ஒரு கத்தோலிக்கக் குரு. 1966இல் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டைக் கோலாலம்பூரில் கூட்டியதில் அவர் பங்கு பெரிது. 1679இல் அச்சான தமிழ் – போர்த்துகீசிய அகராதியை வத்திக்கான் நூலகத்தில் தேடிக் கண்டெடுத்து, அதே 1966இல் மீண்டும் பதிப்பித்தவரும் அவரே. தமிழின் பெருமையை மேடையில் முழங்கினால் மட்டும் போதாது, சான்று காட்ட வேண்டும் என்பதே அவர் வழி. குருத்துவ அங்கி அந்தத் தேடலுக்குத் தடையாக இருக்கவில்லை.

இதெல்லாம் படித்தவர்களின் வாதம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். லிங்கி வட்டாரத் தோட்டத்தில் வளர்ந்த எனக்கு இது உயிர்ப் பிரச்சினை. ‘ஜெபமே போதும்’ என்று யாரோ சொன்னதை நம்பி, இனிப்புநீர் மாத்திரையை நிறுத்திய ஒரு பாட்டிக்கு இறுதியில் காலை எடுக்க நேர்ந்தது. கயிறு மந்திரித்துக் கட்டிக்கொண்டு கிளினிக் பக்கமே போகாத தாத்தாவும் அதே லயத்தில்தான் இருந்தார். குறை ஒரு சமயத்தினுடையதன்று. கேள்வி கேட்பதே பாவம் என்று மக்களைப் பழக்கியதுதான் குறை. ஜெபித்துவிட்டு மாத்திரையையும் போட்டுக்கொண்டால் எந்தக் கடவுள் கோபிக்கப் போகிறார்?

ஆகவே, கிறிஸ்தவ நம்பிக்கையும் பகுத்தறிவும் ஒத்துப்போகுமா என்று கேட்டால், போகும் என்பேன். ஆனால், அது தானாக நிகழ்வதில்லை. சோதித்தறிய வேண்டியதைச் சோதிக்க விடுவது நம்பிக்கையாளரின் கடமை. வாழ்வின் பொருள் என்ன, பிறரை ஏன் மன்னிக்க வேண்டும் என்பவை போன்ற கேள்விகளைக் கணக்குப் போட்டு மட்டும் தீர்க்க முடியாது என்பதைப் பகுத்தறிவாளரும் எண்ணிப் பார்க்கலாம்.

சென்னைக்கு வந்து மறைந்தார் என்று மரபு கூறும் தோமா, காயத்தைத் தொட்டுப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்றவர். அவரை இயேசு விரட்டவில்லை. வந்து தொட்டுப் பார் என்றார். சந்தேகப்பட்டவரையும் சீடராகவே வைத்திருந்த சமயம், சந்தேகப்படும் மாணவரைக் கண்டு அஞ்சத் தேவையில்லை.