வீடு கைமாறும்போது வேலித் தகராறு

கார்டன் ரீச், அக்:- வங்காளக் கணக்கில் ஒரு கட்டா 720 சதுர அடி. அதில் பதினாறில் ஒரு பங்கான சடாக் 45 சதுர அடி. நாற்பத்தைந்து அடி நீளச் சுவரை ஓரடி தள்ளிக் கட்டினால் ஒரு சடாக் போயிற்று.

ரயில்வே குவார்ட்டர்ஸில் இருக்கும்வரை இந்தத் தலைவலி கிடையாது. பி.எப். பணத்தில் இங்கேயே மனை வாங்கிய தமிழர்களுக்குத்தான் தொல்லை. தகராறு செய்த பக்கத்து வீட்டுக்காரர் விற்றுவிட்டுப் போகிறார் என்றதும் சனியன் விட்டது என்று பலர் சும்மா இருந்துவிடுகிறார்கள். போவது ஆள்தான், வேலி நகருவதில்லை. வாங்குபவர் அடுக்குமாடி கட்டும் புரோமோட்டராக இருந்தால் அந்த ஓரடி உயிர்ப் பிரச்னையாகவும் ஆகலாம். 2024 மார்ச் 17 நள்ளிரவு இதே கார்டன் ரீச்சில், அனுமதியின்றி எழும்பிய ஐந்து மாடிக் கட்டடம் பக்கத்துக் குடிசைகள்மீது சரிந்து பத்துப் பேருக்கு மேல் மாண்டனர்.

1882-ம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டம், 55-வது பிரிவு, விற்பவர் வில்லங்கத்தை மறைக்கலாகாது என்கிறது. அது வாங்குபவருக்குத்தான் காப்பு. அடுத்த வீட்டாருக்கு உதவுவது 52-வது பிரிவு: எல்லை வழக்கு நடக்கையில் சொத்து கைமாறினாலும் தீர்ப்பு புதியவரையும் கட்டும். ஆனால் வழக்கு கோர்ட்டில் இருக்கவேண்டும். பாடா கிளப்பில் நடந்த பஞ்சாயத்து இதில் சேராது.

மற்றொன்று, 12 ஆண்டுக் கெடு. எதிர்ப்பின்றி ஆக்கிரமித்தவர் விற்றுவிட்டால் அவர் அனுபவித்த ஆண்டுகள் அழிந்துபோவதில்லை. வாங்கியவர் தம் கணக்கில் அவற்றைச் சேர்த்துக்கொள்ள இடமுண்டு.

ஆகவே கிரயப் பத்திரம் பதிவாகுமுன் ஆமீனை அழைத்து இரு தரப்பார் முன்னிலையில் அளந்து, வரைபடத்தில் இருவரும் கையெழுத்திட்டு, அதைப் பத்திரத்தோடு இணைக்கச் சொல்லலாம். விற்பவர் மறுத்தால், வாங்கவிருப்பவருக்கு அத்தாட்சியுடன் கூடிய ஸ்பீட் போஸ்ட் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துவது நல்லது. தெரியாமல் வாங்கினேன் என்று அவர் பிறகு சொல்ல முடியாது.