எரிந்த மண்ணில் சிறு கிண்ணங்கள்

குப்பை எரித்த இடத்தில் இனி எதுவும் முளைக்காது என்று நினைப்போர் பலர். ஆனால் தீ அணைந்து மழையும் பெய்து சில வாரங்கள் சென்றபின், அதே கரிமண்ணில் செம்மஞ்சள் நிறச் சிறு கிண்ணங்கள் தோன்றுவதுண்டு. இவை கிண்ணப் பங்கசுக்கள். உயர்தர உயிரியலில் நாம் படிக்கும் அஸ்கோமைக்கோற்றா பிரிவைச் சேர்ந்தவை. தீ, மண்ணில் போட்டியிடும் நுண்ணங்கிகளைக் கொல்கிறது. சாம்பல் மண்ணைக் காரமாக்குகிறது. மற்றவை திரும்பி வருமுன் இவை அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன.

இப்படி ஒன்றைக் கண்டால் இன்று நாம் என்ன செய்கிறோம்? கைத்தொலைபேசியில் படம் பிடித்து, அது சொல்லும் பெயரை நம்பிவிடுகிறோம். அது பெயர் சொல்லுதலே தவிர, அடையாளம் காணுதல் அல்ல என்பது என் கருத்து.

ஏனெனில் எரிந்த மண்ணில் வளரும் கிண்ணங்கள் பல, படத்தில் ஒன்றுபோலவே இருக்கும். பைரோனீமா மிகச் சிறியது; ஒன்றோடொன்று ஒட்டிப் படையாகப் பரவும். அந்திரகோபியாவின் விளிம்பில் கபில நிற மயிர்கள் உண்டு. கைவில்லை இருந்தால் தெரியும். ஜியோபிக்சிஸுக்குச் சிறு காம்பும் வெளிறிய பல்விளிம்பும் உண்டு. இதற்கு மேல் நுணுக்குக்காட்டிதான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். அந்திரகோபியாவின் வித்திக்குள் இரண்டு எண்ணெய்த் துளிகள் தெரியும். மற்ற இரண்டிலும் அவை இல்லை. அயடீன் இட்டால் வித்திப்பையின் நுனி நீலமாகுமானால் அது பெசைசாவாக இருக்கலாம். எந்தக் கமராவும் இவற்றைக் காட்டாது.

"இதற்குப் பரீட்சையில் புள்ளி கிடைக்குமா?" என்று பெற்றோர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால், கொழும்பில் எந்தத் தாயும் முகத்தைப் பார்த்தே டெங்கு என்று முடிவு செய்வதில்லை. இரத்தப் பரிசோதனை கேட்கிறாள். வைத்தியராக வேண்டும் என்று நீங்கள் விரும்பும் மகளுக்கு, அந்தப் பொறுமை இப்போதே பழக வேண்டாமா?

பங்கசை அடையாளம் காண்பதன் பெறுமதி நம் நாட்டுக்குப் புதிதல்ல. 1869 இல் இலங்கைக் கோப்பி இலைகளில் ஒரு செம்மஞ்சள் தூள் படிந்தது. பேராதனைத் தாவரவியல் பூங்காவின் பணிப்பாளர் துவெயிற்ஸ் அனுப்பிய மாதிரியைப் பார்த்து, இங்கிலாந்தில் பெர்க்லி அதற்கு ஹெமிலேயா வஸ்ராற்றிக்ஸ் என்று பெயரிட்டார். பெயரிட்டதால் மட்டும் கோப்பி பிழைக்கவில்லை. அந்த இடத்தைத் தேயிலை பிடித்தது. ஆயினும் எதிரி யாரென்று அறிந்த நாளிலிருந்தே அதைப் பற்றிய ஆய்வு தொடங்கியது.

எரிந்த மண்ணில் வரும் பங்கசுகளிலும் இப்படி ஒன்று உண்டு. பிரித்தானிய ஊசியிலைக் காடுகளில் தொழிலாளர் தேநீர் கொதிக்க வைக்கத் தீ மூட்டிய இடங்களைச் சுற்றி மரங்கள் கூட்டமாகச் செத்தன. கிண்ணப் பங்கசுகளின் உறவான ரைசினா அண்டுலேற்றாவே காரணம் என்று தெரிந்து, தீ மூட்டுவதை நிறுத்தியபின் அந்நோய் குறைந்தது. ஆகவே ஒரு கிண்ணம் தீங்கற்றது, மற்றொன்று மரத்தைக் கொல்வது என்று பிரித்தறிவது வீண் வேலையல்ல.

1905 இல் பேராதனைக்கு வந்த தோமஸ் பெட்ச், பல ஆண்டுகள் நம் நாட்டுப் பங்கசுகளை ஆராய்ந்தார். அவரும் பிஸ்பியும் தொகுத்த பட்டியல் நூல் 1950 இல் ஆங்கிலத்தில் வெளியானது. தமிழில் படிக்கும் நாமோ அஸ்கோமைக்கோற்றாவை வரைபடமாகவே மனனம் செய்கிறோம்.

வெள்ளவத்தை மாடி வீடுகளில் மண்ணைக் காண்பதே அரிது என்பது உண்மை. ஆனால் கொட்டாஞ்சேனை வளவொன்றில் தென்னோலை எரித்த மூலை இருக்கும். கலியாண வீட்டில் மூன்று கல் வைத்து விறகெரித்த இடமும் இருக்கும். மழைக்குப் பின் அங்கே குனிந்து பாருங்கள் தோழியரே. எதுவும் இல்லாவிட்டாலும் நட்டமில்லை. இருந்தால் மண்ணோடு ஒரு சிறு பெட்டியில் எடுத்து வாருங்கள். உடை அழுக்காகிறது என்று உம்மாமார் தடுக்க வேண்டாம்.

ஆய்வுகூடத்தில் ஒரு மேசையும், சில கைவில்லைகளும், ஒரு பதிவுப் புத்தகமும் போதும். இடம், திகதி, எரிந்த பொருள், மழைக்குப் பின் எத்தனையாம் நாள், வித்தியின் படம் ஆகியவற்றை எழுதுவோம். பெயர் உறுதியாகாவிட்டால் அந்தக் கட்டத்தை வெறுமையாக விடுவோம். அடுத்த வருடம் வரும் தங்கை ஒருத்தி அதை நிரப்பட்டும்.