ஒரு லிட்டர் டீசலும் ஒரு நாள் ஏரும்

அரக்கோணம், திருத்தணி வட்டாரத்து மானாவாரி நிலக்கடலைக்கு ஒரு நல்ல மழை தரும் அவகாசம் சில நாள்தான். ஈரம் காய்வதற்குள் உழுது விதைத்தாக வேண்டும். முன்பு வீட்டு மாடு அந்த வேலையைச் செய்தது. இன்று வாடகை டிராக்டருக்குக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. வேளாண் கருவிகள் வாங்க, மத்திய, மாநில அரசுத் திட்டத்தில் சிறு, குறு விவசாயிகளுக்கு 50 சதவீதம்வரை மானியம் உண்டு. எந்த வேலைக்கு எந்தச் சக்தி என்று கணக்குப் பார்த்துத்தான் அந்தப் பணத்தைச் செலவிட வேண்டும்.

எவ்வளவு சக்தி?

ஒரு ஜோடி உழவு மாடு தொடர்ந்து தரும் சக்தி சுமார் முக்கால் குதிரைத்திறன் (எச்.பி.). ஐந்து மணி நேரம் ஏர் ஓட்டினால் கிடைக்கும் உழைப்பு ஏறக்குறைய 3 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். டிராக்டர் இன்ஜினில் ஒரு லிட்டர் டீசல் எரிந்தாலும் அதே அளவு உழைப்புதான் கிடைக்கும்.

நாட்டுக் கலப்பையால் ஒரு ஏக்கரை ஒரு சால் உழுது முடிக்க மாடுகள் சுமார் 27 கிலோமீட்டர் நடக்க வேண்டும். அது இரண்டு நாள் வேலை. டிராக்டருக்கு ஒரு மணி நேரம் போதும். ஈரம் காயும் நேரத்தில் இந்த வேகமே விளைச்சலைக் காப்பாற்றும்.

ஓய்விலும் செலவு

மோட்டாரை நிறுத்தினால் செலவும் நின்றுவிடும். மாடு அப்படியல்ல. ஒரு ஜோடிக்குத் தினமும் சுமார் 20 கிலோ உலர் தீவனம் வேண்டும். ஆண்டுக்கு 60 நாள் மட்டும் உழைக்கும் ஜோடி, மீதி 305 நாளும் சும்மா நின்று தின்னும். சாணம் தருவதும், வண்டி இழுப்பதும், வரிசைக்குள் களை எடுப்பதும் அதற்கு ஈடாகும் வீடுகளில்தான் மாடு கட்டுப்படியாகும்.

கிணறு சொல்லும் பாடம்

நீர் இறைப்பதில் போட்டியே இல்லை. 30 அடி ஆழத்திலிருந்து ஒரு ஜோடி மாடு கவலையில் மணிக்குச் சுமார் 10,000 லிட்டர் இறைக்கும். 5 எச்.பி. மோட்டார் அதைப்போல் ஐந்து மடங்குக்கும் மேல் இறைக்கும். ஆனால் மாடு களைத்து நிற்கும்; அந்த நேரத்தில் கிணறு ஊறும். மோட்டாருக்குக் களைப்பு கிடையாது. 1990-ல் விவசாய மின்சாரம் இலவசமான பின் செலவு என்ற கடிவாளமும் போனது. இப்போது ஆழ்துளைக் கிணறு பல நூறு அடிக்குப் போய்விட்டது. 300 அடியிலிருந்து இறைக்க, அதே தண்ணீருக்குப் பத்து மடங்கு சக்தி தேவை.

என்ன செய்யலாம்?

தமிழகத்தில் சராசரி நில உடைமை, 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி, 0.75 எக்டேர். அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. இந்த நிலத்துக்கு ஆளுக்கொரு டிராக்டர் கடன் சுமைதான். தேவைப்படுவது, மழை பெய்த மறுநாளே கிடைக்கும் வாடகை டிராக்டரும் பவர் டில்லரும். வேளாண் பொறியியல் துறையின் வாடகை இயந்திரங்களுக்கு உழவன் செயலியில் முன்பதிவு செய்யலாம். மழைக்காலத்தில் அவை கிராமத்துக்கு அருகிலேயே நிற்க வேண்டும். ஏக்கர் கணக்கில் மானியம் பேசும் அதிகாரிகள், ஈரம் காயும் நாள் கணக்கையும் சேர்த்துப் பார்த்தால் மானாவாரி விவசாயி பிழைப்பார்.