சப்பாத்து காயல்ல, சேர்



மாரி தொடங்கினதும் இடாப்பில் வரவு குறையும். காய்ச்சல், வெள்ளம், பாதையில் தண்ணீர் என்று நாங்களும் காரணம் எழுதிவிட்டு மூடி வைப்போம். போன கிழமை ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்று இரண்டு நாள் வரவில்லை. மூன்றாம் நாள் விசாரித்தேன். தலையைக் குனிந்துகொண்டு, "சப்பாத்து காயல்ல சேர். செருப்போட போனா கேட்டுல நிப்பாட்டுவாங்க எண்டு உம்மா விடல்ல" என்றது.

அந்த வீட்டில் பிள்ளைக்கு ஒரே சோடிதான். அதுவும் வவுச்சருக்கு வாங்கினது. அந்த உம்மாவை என்னால் குறை சொல்ல முடியவில்லை. நனைந்து வருகிற பிள்ளையைக் கேட்டடியில் நிறுத்தி, எல்லோரும் பார்க்க விசாரிக்கிற வழக்கம் எங்களிடம் இருக்கிறதுதானே. கேட்டில் கடமைக்கு நின்று நானும் அதைச் செய்தவன்தான்.

சக ஆசிரியர்கள் கோபித்தாலும் பரவாயில்லை, சொல்கிறேன். நவம்பரில் இருந்து ஜனவரி முடியும் வரை, மழை நாளில் செருப்போடு வருகிற பிள்ளையிடம் ஒரு கேள்வியும் கேட்கக் கூடாது. சீருடை ஒழுங்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஈரச் சப்பாத்துக்குள் காலை வைத்துக்கொண்டு ஒன்றரை மணி வரை இருக்கிற பிள்ளையின் விரலிடுக்கைப் பார்த்திருக்கிறீர்களா? வெளுத்து, தோல் உரிந்து, சேற்றுப்புண் பிடித்திருக்கும். அந்தக் காலோடு பின்னத்தைப் படி என்றால் எப்படிப் படிக்கும்?

இனி வீட்டில் உள்ளவர்களுக்கு. தயவுசெய்து அடுப்படியில் வைத்துக் காயவைக்க வேண்டாம். ஆசிரியர் கலாசாலை விடுதியில் இருந்த காலத்தில், காலையில் கற்பித்தல் பயிற்சிக்குப் போக வேண்டுமென்று நனைந்த கறுப்புச் சப்பாத்தை இரவு அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தேன். காய்ந்ததுதான். ஆனால் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போது ஒரு அடி கழன்று வாயைத் திறந்துகொண்டது. பின்வாங்கில் இருந்த பொடியன்மார் அன்று முழுக்கச் சிரித்தார்கள். அடியை ஒட்டியிருக்கிற பசை சூட்டுக்கு இளகிவிடும், தோல் வெடித்துவிடும்.

மாரியில் சப்பாத்து காயாததற்குக் காரணம் வெயில் இல்லாதது மட்டுமில்லை. காற்றே ஈரமாக இருக்கிறது. சும்மா மூலையில் வைத்தால் இரண்டு நாளானாலும் உள்ளே ஈரம்தான். ஈரத்தை உறிஞ்ச ஏதாவது வேண்டும், காற்று ஓடவும் வேண்டும்.

வெள்ளத் தண்ணீரில் நனைந்திருந்தால் முதலில் கழுவுங்கள். எலிக்காய்ச்சல் வருகிற தண்ணீர் அது. சவர்க்காரம் மிச்சமில்லாமல் அலச வேண்டும், இல்லாவிட்டால் வெள்ளை மஞ்சளாகும். கயிற்றையும் உள்ளே இருக்கிற அட்டையையும் கழற்றி, நாக்கை நன்றாக இழுத்துவிட்டு, பழைய பேப்பரைக் கசக்கி விரல் நுனி வரை அடையுங்கள். ஒரு மணித்தியாலத்தில் அந்தப் பேப்பர் ஊறிவிடும். அதை எடுத்துவிட்டுப் புதிதாக அடைய வேண்டும். அதிகம் பேர் விடுகிற பிழை இங்கேதான். முதல் அடைத்ததோடு படுத்துவிடுகிறார்கள், விடிய ஈரப் பேப்பரும் ஈரச் சப்பாத்தும்தான் மிச்சம். இரண்டு மூன்று தரம் மாற்றிய பிறகு பேப்பரை எடுத்துவிட்டு, சப்பாத்தின் வாய்க்குள் காற்றுப் போகிற மாதிரி ஃபேனுக்கு முன்னால் சாய்த்து வையுங்கள். ஜன்னல் கொஞ்சம் திறந்திருக்கட்டும்.

ஒரு விஷயம், வெள்ளிக்கிழமைப் பேப்பரை எடுக்க முன் பார்த்து எடுங்கள். ஆயத், ஹதீஸ் இருக்கும். எங்கள் உம்மாவிடம் நான் ஒருமுறை வாங்கிக் கட்டிக்கொண்டேன். அதோடு பேப்பர் மை வெள்ளைத் துணியில் பிடிக்கும். அதனால் நான் இப்போது பழைய தவணைப் பரீட்சை வினாத்தாள்களைத்தான் பாவிக்கிறேன். கணக்குப் பேப்பர் நன்றாக உறிஞ்சுகிறது. வகுப்பு அலுமாரியில் ஒரு கட்டு இருக்கிறது, வேண்டிய பிள்ளைகள் கேட்டு எடுத்துக்கொண்டு போகலாம்.

நாளைக்கும் மழை போலத்தான் தெரிகிறது. வாசலில் கிடக்கிற சப்பாத்தை இப்போதே உள்ளே எடுங்கள். அப்படியும் காயாவிட்டால் செருப்போடு அனுப்புங்கள். நாளைக்குக் கேட்டில் நான்தான் நிற்பேன்.