450 கோடி ரூபாயை விட்டுவிட்டு ரஷ்யா போன கோவல்சுக்... ஐஸ் ஹாக்கியில் ‘ஒப்பந்தம்’ படும் பாடு!

2013, ஜூலை 11, வியாழக்கிழமை. நியூ ஜெர்சி டெவில்ஸ் அணியின் ரசிகர்கள் கோடை விடுமுறை மூடில் இருந்தார்கள். அடுத்த சீசனுக்கு இன்னும் மாதக்கணக்கில் நேரம் இருந்தது. அப்போதுதான் அந்தச் செய்தி வந்தது. அணியின் நட்சத்திர வீரர் இல்யா கோவல்சுக் ஓய்வு பெறுகிறார்!

காயமா? இல்லை. ஃபார்ம் போய்விட்டதா? அதுவும் இல்லை. வயது? 30 தான். கையில் இருந்த ஒப்பந்தத்தில் இன்னும் 12 வருடங்கள் பாக்கி. வரவேண்டிய சம்பளம் 77 மில்லியன் டாலர். அன்றைய மதிப்பில் 450 கோடி ரூபாய்க்கும் மேல். அத்தனையையும் விட்டுக்கொடுத்துவிட்டு, குடும்பத்தோடு ரஷ்யா திரும்புகிறேன் என்று கிளம்பினார் மனிதர். நான்கே நாள்களில் ரஷ்யாவின் எஸ்.கே.ஏ செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அணியோடு நான்கு வருட ஒப்பந்தத்தில் கையெழுத்தும் போட்டுவிட்டார்.

ஹாக்கி என்றதும் நமக்கு தியான் சந்த்தும் பச்சைத் தரையும்தான் ஞாபகம் வரும். இது பனிக்கட்டி மேல் சறுக்கிக்கொண்டே ஆடும் ஐஸ் ஹாக்கி. அமெரிக்கா, கனடா அணிகள் ஆடும் என்.ஹெச்.எல் தான் இந்த விளையாட்டின் உச்சம். அதற்குப் போட்டியாக 2008-ல் ரஷ்யாவில் தொடங்கப்பட்டது கே.ஹெச்.எல். இதன் முதல் தலைவர் அலெக்சாண்டர் மெத்வதேவ், ரஷ்யாவின் எரிவாயு நிறுவனமான காஸ்ப்ரோமின் உயர் அதிகாரி. பணம் எந்தப் பக்கமிருந்து வந்தது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கோவல்சுக் சேர்ந்த எஸ்.கே.ஏ அணிக்கும் காஸ்ப்ரோம்தான் புரவலர்.

சரி, வேறு அணிக்கு ஆடப்போகிறவர் எதற்காக ‘ஓய்வு’ அறிவிக்க வேண்டும்? அங்கேதான் விஷயம் இருக்கிறது. ஒப்பந்தத்தில் இருக்கும் வீரர்களை ஒருவருக்கொருவர் இழுக்கக் கூடாது என்று அப்போது இரண்டு லீக்குகளுக்கும் இடையே உடன்பாடு இருந்தது. ஆக, சும்மா கிளம்பிப் போனால் சிக்கல். அவரே ஓய்வு பெற்றால், ஒப்பந்தம் அங்கேயே முடிந்துவிடும். பாக்கிச் சம்பளம் கிடையாது. மீண்டும் என்.ஹெச்.எல் பக்கம் வரலாம் என்றால், 35 வயது ஆகும்வரை உரிமை டெவில்ஸ் கையில். இந்த விலையைக் கொடுத்துத்தான் அவர் கிளம்பினார்.

ரசிகர்களுக்குக் கோபம் வந்ததில் ஆச்சர்யம் இல்லை. 2012-ல் ஸ்டான்லி கோப்பை இறுதிப்போட்டி வரை போய், லாஸ் ஏஞ்சலஸ் கிங்ஸிடம் தோற்ற அணி அது. தோற்ற கையோடு கேப்டன் ஜாக் பரீசே மின்னசோட்டா அணிக்குப் போனார். அடுத்த வருடம் கோவல்சுக்கும் காலி. ஆசை ஆசையாக 17-ம் எண் ஜெர்சி வாங்கிய ஒரு பையன் அதை என்ன செய்வான்?

ஆனால், டெவில்ஸ் நிர்வாகம் அழுததா என்றால், அது கொஞ்சம் சந்தேகம்தான்.

இந்த ஒப்பந்தம் பிறந்த கதையே ஒரு கூத்து. என்.ஹெச்.எல்-லில் ஒவ்வோர் அணிக்கும் சம்பள உச்சவரம்பு உண்டு. ஐ.பி.எல் அணிகளுக்கு ஏலத்தில் இவ்வளவுதான் செலவழிக்கலாம் என்று வரம்பு இருக்கிறதே, கிட்டத்தட்ட அது மாதிரி. மொத்தத் தொகையை வருடங்களால் வகுத்து வரும் சராசரிதான் அந்தக் கணக்கில் ஏறும். 2010-ல் டெவில்ஸ் என்ன செய்தது தெரியுமா? கோவல்சுக்குக்கு 17 வருடங்களுக்கு 102 மில்லியன் டாலர் என்று எழுதியது. முதல் பத்து வருடங்களில் பணத்தின் பெரும்பகுதியைக் கொடுத்துவிட்டு, கடைசி சில வருடங்களுக்கு வெறும் 5.5 லட்சம் டாலர். ஒப்பந்தம் முடியும்போது அவருக்கு 44 வயது! அந்த வயதில் அவர் ஆடப்போவதில்லை என்பது எழுதியவர்களுக்கும் தெரியும், கையெழுத்துப் போட்டவருக்கும் தெரியும். சராசரியைக் குறைக்க ஒரு தந்திரம், அவ்வளவுதான்.

லீக் அதை நிராகரித்தது. நடுவர் ரிச்சர்ட் பிளாக்கும் லீக் சொன்னதே சரி என்றார். டெவில்ஸுக்கு 3 மில்லியன் டாலர் அபராதம், இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட்டில் வாய்ப்புகள் பறிப்பு என்று தண்டனைகள் வந்தன (பிறகு அபராதம் பாதியாகக் குறைக்கப்பட்டது). அதற்கப்புறம்தான் 15 வருடங்களுக்கு 100 மில்லியன் டாலர் என்ற திருத்தப்பட்ட ஒப்பந்தம் ஒப்புக்கொள்ளப்பட்டது.

ஆக, முழுசாக நிறைவேறாது என்று தெரிந்தே எழுதப்பட்ட ஒப்பந்தத்தின் வாரிசு இது. அதைப் பாதியில் முடித்தார் என்பதற்காக வீரரை மட்டும் குற்றம் சொல்ல முடியுமா?

தவிர, 2013-ல் டெவில்ஸ் அணி பணக் கஷ்டத்தில் இருந்தது. கோவல்சுக் போன அடுத்த மாதமே ஜோஷ் ஹாரிஸ் தலைமையிலான குழு அணியை வாங்கியது. 12 வருடச் சம்பளச் சுமை இல்லாத அணியை வாங்குவது யாருக்குத்தான் கசக்கும்? இப்படி முன்கூட்டியே முடியும் நீண்ட ஒப்பந்தங்களுக்கு லீக் அந்த வருடம்தான் ஒரு தண்டனை விதியைக் கொண்டுவந்திருந்தது. அதன்படி 2024-25 சீசன் வரை ஒவ்வொரு வருடமும் டெவில்ஸின் சம்பள வரம்பில் 2.5 லட்சம் டாலர் கழிக்கப்பட்டது. தண்டனை என்று சொல்லிக்கொள்ளலாம். வலித்ததா என்பது வேறு.

நஷ்டம் கோவல்சுக்குக்கும் இருந்தது. ரஷ்யாவில் அப்போது எல்லோருக்கும் ஒரே வருமான வரி, 13 சதவிகிதம். அமெரிக்காவில் பெரிய சம்பளக்காரர்கள் மத்திய அரசுக்கு மட்டும் கட்டியது 39.6 சதவிகிதம் வரை. கணக்குப் பார்த்தால் ரஷ்யாதான் லாபம். ஆனால், கே.ஹெச்.எல் சம்பளம் ரூபிளில். 2014 தொடக்கத்தில் ஒரு டாலருக்கு 33 ரூபிள் அளவில் இருந்தது. அதே வருட டிசம்பரில் 55-ஐத் தாண்டிப் போய்விட்டது! கணக்கு தலைகீழ். சின்ன அணிகளில் மாதக்கணக்கில் சம்பளம் வராமல் தவித்த வீரர்களின் கதை இன்னும் மோசம்.

விளையாட்டில் மட்டும் அவருக்குக் குறையில்லை. எஸ்.கே.ஏ-வோடு 2015, 2017-ல் ககாரின் கோப்பை வென்றார். 2018 குளிர்கால ஒலிம்பிக்குக்கு என்.ஹெச்.எல் தன் வீரர்களை அனுப்ப மறுத்தது. ரஷ்யாவில் ஆடிய கோவல்சுக்குக்குத் தடையில்லை. தங்கப் பதக்கமும், தொடரின் மிகச்சிறந்த வீரர் விருதும் கிடைத்தன. 35 வயதானதும் மீண்டும் என்.ஹெச்.எல் திரும்பினார். சேர்ந்த அணி? 2012 இறுதிப்போட்டியில் அவரைத் தோற்கடித்த அதே லாஸ் ஏஞ்சலஸ் கிங்ஸ்.

ராடுலோவ் கதை வேறு

எல்லோரும் கோவல்சுக் மாதிரி மேஜையில் உட்கார்ந்து பேசிவிட்டுப் போனவர்கள் இல்லை. அலெக்சாண்டர் ராடுலோவ், நாஷ்வில் பிரெடேட்டர்ஸ் அணியின் இளம் புயல். 2007-08 சீசனில் 26 கோல்கள். புதியவர்களுக்கான ஒப்பந்தம் என்பதால் வருடச் சம்பளம் 10 லட்சம் டாலருக்கும் குறைவு. இன்னும் ஒரு வருடம் பாக்கி இருக்கும்போதே, 2008 ஜூலையில், பல மடங்கு சம்பளத்துக்கு ஊஃபா நகரின் சலாவத் யுலாயெவ் அணிக்குத் தாவினார். அணியின் சம்மதமும் இல்லை, ஓய்வு அறிவிப்பும் இல்லை. சர்வதேச ஐஸ் ஹாக்கி சம்மேளனம் விசாரித்தது. ஆனாலும் அவர் ரஷ்யாவில் ஆடிக்கொண்டேதான் இருந்தார். 2011-ல் ககாரின் கோப்பையும் வென்றார்.

நான்கு வருடம் கழித்து, 2012 மார்ச்சில் திரும்பி வந்து அந்தக் கடைசி வருட பாக்கியை ‘முடித்தார்’. எப்படி? லீக் சுற்றில் ஒன்பதே ஆட்டங்கள். அதுவே ஒரு வருடமாகக் கணக்கில் ஏறிவிட்டது. அடுத்து பிளே-ஆஃப் நேரத்தில் ராத்திரி நேரக் கட்டுப்பாட்டை மீறினார் என்று அணியே அவரை உட்காரவைத்தது. நாஷ்வில் வெளியேறியது. ராடுலோவ் மறுபடியும் ரஷ்யா போய், சி.எஸ்.கே.ஏ மாஸ்கோவில் சேர்ந்தார். நாஷ்வில்காரர்களுக்கு இவர் மேல் கோபம் இருந்தால் அது நூற்றுக்கு நூறு நியாயம்.

போனது மட்டும்தானா?

ஆனால், அமெரிக்கப் பக்கம் ஒரே அடியாக ‘துரோகம்’ என்று பேசும்போது, 2006-ஐ அவர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள். யெவ்கெனி மால்கின் என்ற 20 வயது இளைஞர், ரஷ்யாவின் மெத்தலூர்க் மாக்னிதோகோர்ஸ்க் அணியில் ஆடிக்கொண்டிருந்தார். பிட்ஸ்பர்க் பெங்குயின்ஸுக்குப் போக ஆசை. அணி நிர்வாகமோ அழுத்தம் கொடுத்துப் புது ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கியது. சில நாள்களில் அணி பயிற்சிக்காக ஃபின்லாந்து போனது. ஹெல்சின்கி விமான நிலையத்தில் இறங்கிய மால்கின், ஏஜென்ட்டோடு மாயமாகிவிட்டார்! அமெரிக்க விசா கிடைக்கும்வரை அங்கேயே பதுங்கியிருந்துவிட்டு, லாஸ் ஏஞ்சலஸுக்கு விமானம் ஏறினார். இரண்டு வார நோட்டீஸ் கொடுத்தால் யாரும் வேலையை விடலாம் என்ற ரஷ்யத் தொழிலாளர் சட்டத்தைக் காட்டி ராஜினாமா கடிதம் போனது. மெத்தலூர்க் அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. நிற்கவில்லை.

அங்கிருந்து இங்கே வந்தால் துணிச்சல், இங்கிருந்து அங்கே போனால் துரோகமா? மாக்னிதோகோர்ஸ்க் ரசிகர்கள் வாங்கிய ஜெர்சிக்கும் காசு கொடுத்துத்தானே வாங்கியிருப்பார்கள்?

இன்னும் பின்னால் போனால், சோவியத் காலத்தில் ராணுவ அணியான சி.எஸ்.கே.ஏ-வில் ஆடியவர்கள் எல்லோருமே ராணுவத்தினர். அணியை விட்டு ஓடினால் படையை விட்டு ஓடிய குற்றம். 1989-ல் ஸ்டாக்ஹோமில் இருந்து தப்பி அமெரிக்கா போன அலெக்சாண்டர் மொகில்னி மீது அந்தக் குற்றச்சாட்டுதான் விழுந்தது. தப்பி ஓடமாட்டேன், முறைப்படி விடுவியுங்கள் என்று நின்று போராடியவர் கேப்டன் வியாசெஸ்லாவ் ஃபெட்டிசோவ். அதே வருடம் ஜெயித்தும் காட்டினார். அவர் போய்ச் சேர்ந்த அணி எது தெரியுமா? நியூ ஜெர்சி டெவில்ஸ்! காலம் எப்படிச் சுற்றியது பாருங்கள்... 2008-ல் கே.ஹெச்.எல் தொடங்கியபோது அதன் இயக்குநர் குழுத் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்ததும் இதே ஃபெட்டிசோவ்தான்.

இவை எல்லாவற்றையும்விட மனசைப் பிசையும் கதை ஒன்று உண்டு. இவான் ஃபெடோடோவ், சி.எஸ்.கே.ஏ-வின் கோல்கீப்பர். 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வெள்ளி வென்றவர். அந்த வருடம் மே மாதம் பிலடெல்பியா ஃபிளையர்ஸ் அணியோடு ஒப்பந்தம் போட்டார். ஜூலை 1 அன்று, ராணுவச் சேவையைத் தட்டிக்கழித்தார் என்று சொல்லி செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பிடித்துப்போனார்கள். வடகோடியில் உள்ள செவெரோமோர்ஸ்க் கடற்படைத் தளத்துக்கு அனுப்பிவைக்கப்பட்டார். சேவை முடிந்து வந்தவர், 2023-ல் மீண்டும் சி.எஸ்.கே.ஏ-வோடு ஒப்பந்தம் போட்டார். அவருக்கு வேறு வழி இருந்ததா என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

உக்ரைன் போருக்குப் பிறகு இரண்டு லீக்குகளுக்கும் இடையே இருந்த உடன்பாட்டை என்.ஹெச்.எல் நிறுத்திவைத்துவிட்டது. அதனால் பஞ்சாயத்து சர்வதேச சம்மேளனத்துக்குப் போனது. ஃபிளையர்ஸ் ஒப்பந்தம்தான் செல்லும் என்று 2023 ஆகஸ்ட்டில் தீர்ப்பு வந்தது. சி.எஸ்.கே.ஏ வெளிநாட்டிலிருந்து வீரர்களை எடுக்க ஒரு வருடத் தடை. ஃபெடோடோவுக்கும் நான்கு மாதத் தடை! கோவல்சுக்கும் ராடுலோவும் தாங்களாகவே முடிவெடுத்துப் போனவர்கள். இவர் விஷயத்தில் முடிவெடுத்தது யார் என்று பார்க்காமலேயே தண்டனையில் பங்கு கொடுத்துவிட்டார்கள்.

கடைசியில் 2024 மார்ச்சில் சி.எஸ்.கே.ஏ அவரை விடுவித்தது. ஏப்ரல் 1 அன்று ஃபிளையர்ஸ் கோல் முன்னால் முதன்முறையாக நின்றார் ஃபெடோடோவ். அந்தக் கோடையிலேயே எதிர்த் திசையில் ஒரு விமானம் புறப்பட்டது. கரோலினா ஹரிகேன்ஸ் அணியின் யெவ்கெனி குஸ்நெட்சோவ், இன்னும் ஒரு வருடம் பாக்கியிருந்த ஒப்பந்தத்தை இரு தரப்புச் சம்மதத்தோடு முடித்துக்கொண்டார். அவர் போனது எங்கே? கோவல்சுக் போன அதே எஸ்.கே.ஏ-வுக்கு!