கேம் திக்கித் திக்கி ஓடுதா? கிராஃபிக்ஸ் கார்டு வாங்கும் முன் இதைப் பாருங்க!

லீவு விட்டாச்சு. வீட்டு கம்ப்யூட்டர் பையன் கைக்குப் போயாச்சு. முதலில் துப்பாக்கிச் சத்தம் கேட்கும்; கொஞ்ச நேரத்தில், "அப்பா, லேக் ஆகுது!" மறுநாளே கிராஃபிக்ஸ் கார்டு வேணும் என்று கோரிக்கை வந்துவிடும். பல வீடுகளில் அந்த கார்டின் விலை ஒரு மாத மளிகை பில்லைத் தாண்டும். எனவே, பர்ஸைத் திறக்கும் முன் கம்ப்யூட்டரைக் கொஞ்சம் கவனித்துவிடலாம்.

இந்த 'லேக்' இருக்கிறதே, இரண்டு நோய்களுக்கு ஒரே பெயர். ஆன்லைன் கேமில் எதிராளி இங்கிருந்து அங்கே குதிக்கிறார், ஆனால் நீங்கள் பார்வையைத் திருப்பினால் காட்சி வழுக்கிக்கொண்டு நகர்கிறது என்றால், அது பெரும்பாலும் இன்டர்நெட் பிரச்னை. எவ்வளவு பெரிய கார்டு போட்டாலும் தீராது. நெட் தேவைப்படாத கேமிலும் காட்சி வெட்டி வெட்டி நகர்ந்தால், கோளாறு கம்ப்யூட்டர் பக்கம்.

அடுத்து, கேமை மூடிவிட்டு மவுஸை வேகமாக ஆட்டிப் பாருங்கள். அம்புக்குறியே விட்டுவிட்டு நகர்கிறதா? அப்படியானால் கேம் மீது பழி போடாதீர்கள். டிஸ்ப்ளே செட்டிங்ஸில் 'அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே' பகுதிக்குப் போய் ரெஃப்ரெஷ் ரேட் எவ்வளவு என்று பாருங்கள். 4கே திரையை ஹெச்.டி.எம்.ஐ 1.4 போர்ட்டில் செருகியிருந்தால் 30 ஹெர்ட்ஸைத் தாண்டாது. 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கிவிட்டு, செட்டிங்கை 60-லேயே விட்டுவைத்திருப்பவர்களும் உண்டு. சமீபத்தில் விண்டோஸ் புதிதாகப் போட்டிருந்தால் டிவைஸ் மேனேஜரையும் பாருங்கள். அங்கே 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்று இருந்தால் சரியான டிரைவர் இல்லை என்று அர்த்தம். இன்டெல் அல்லது ஏ.எம்.டி தளத்திலிருந்து இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்.

இதெல்லாம் சரியாக இருந்தும் கேம் திக்கினால், ரேமைப் பாருங்கள். பலரும் கோட்டை விடுவது இங்கேதான்.

தனி கிராஃபிக்ஸ் கார்டுக்குச் சொந்த மெமரி உண்டு. பிராசஸருக்குள்ளேயே இருக்கும் இன்டக்ரேட்டட் கிராஃபிக்ஸுக்கு அது கிடையாது. கம்ப்யூட்டரின் ரேமைத்தான் பங்கு கேட்கும். ரேம் ஒரே ஒரு குச்சியாக இருந்தால் தகவல் வந்து போக ஒரே பாதை. டி.டி.ஆர்4 3200 ரேம் ஒன்று மட்டும் இருந்தால் நொடிக்கு 25.6 ஜி.பி வரை போகும். இரண்டாகப் போட்டால் 51.2 ஜி.பி. அதாவது, ஒரே 16 ஜி.பி-யைவிட இரண்டு 8 ஜி.பி கேமுக்கு நல்லது. இன்டெல் 11-ம் தலைமுறை லேப்டாப்கள் சிலவற்றில் இது பெயரிலேயே தெரியும். இரண்டு பாதையும் இருந்தால் 'ஐரிஸ் எக்ஸ்.இ', ஒன்று மட்டும் இருந்தால் அதே சிப் 'யு.ஹெச்.டி' என்று காட்டும்!

டாஸ்க் மேனேஜரில் 'பெர்ஃபார்மன்ஸ்', அதில் 'மெமரி'. ஸ்லாட் இரண்டில் ஒன்றுதான் பயன்பாட்டில் இருக்கிறது என்று காட்டினால், அதே வகை, அதே வேகத்தில் இன்னொரு ரேம் வாங்கிப் போடுங்கள். சில லேப்டாப்களில் ரேம் போர்டிலேயே பற்றவைத்திருக்கும், கேட்டுவிட்டு வாங்குங்கள். அங்கேயே கிராஃபிக்ஸ் மெமரி 128 எம்.பி என்று காட்டினால் பதற வேண்டாம். தேவைப்படும்போது அது ரேமிலிருந்து இன்னும் எடுத்துக்கொள்ளும்.

பத்து நிமிடம் நன்றாக ஓடிவிட்டுப் பிறகு திக்கினால் சூட்டைச் சந்தேகப்படுங்கள். மெத்தை மேல் லேப்டாப் வைத்து விளையாடினால் காற்று போக வழி ஏது? சூடு ஏறினால் பிராசஸர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஃபேனில் தூசியைத் துடைத்து, சார்ஜரைச் செருகியே விளையாடச் சொல்லுங்கள்.

இனி கேமுக்குள். 1080பி-யில் ஒவ்வொரு காட்சிக்கும் சுமார் 20.7 லட்சம் புள்ளிகளை வரைய வேண்டும். 720பி என்றால் 9.2 லட்சம்தான். படம் லேசாக மங்கும், ஆனால் ஓடும். நிழல்களின் தரத்தையும் குறையுங்கள். கூடவே, ஃப்ரேம் லிமிட்டை 30-ல் வையுங்கள். 45 கிடைக்கும்போது எதற்கு 30 என்று பையன் சண்டைக்கு வருவான். 60 ஹெர்ட்ஸ் திரையில் 45 என்றால் சில காட்சிகள் ஒருமுறையும் சில இருமுறையும் நிற்கும். கண்ணை உறுத்துவது இந்த ஏற்றத்தாழ்வுதான். அரை மணிக்கு ஒரு பஸ் தவறாமல் வந்தால் பழகிவிடும். ஒன்று பத்து நிமிடத்தில், அடுத்தது நாற்பது நிமிடம் கழித்து என்றால்தானே எரிச்சல்! 30 என்றால் ஒவ்வொரு காட்சியும் சரியாக இரண்டு முறை. இன்டக்ரேட்டட் கிராஃபிக்ஸில் கதை கேம்களுக்கு இது போதும். சுடும் கேம்களுக்கு மட்டும் தரத்தைக் குறைத்து 60-ஐ எட்டப் பாருங்கள்.

இத்தனையும் செய்து பார்த்தும் கேம் கேட்கும் குறைந்தபட்சத் தகுதியே உங்கள் சிப்புக்கு இல்லை என்றால், டெஸ்க்டாப்பில் கார்டு வாங்குவது நியாயம்தான். எஸ்.எம்.பி.எஸ் எத்தனை வாட்ஸ், பெட்டிக்குள் கார்டுக்கு இடம் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். மாட்டிய பிறகு, மானிட்டர் கேபிளை மதர்போர்டு போர்ட்டிலிருந்து பிடுங்கி கார்டில் செருக வேண்டும். அதைப் பழைய இடத்திலேயே விட்டுவிட்டு, 'புது கார்டு போட்டும் அதே லேக்' என்று கடைக்காரரிடம் சண்டை போடுகிறவர்கள் நிறைய.