ஆளுக்கொரு பை வேண்டாம்!

இந்த முறை நமது சங்கத்தின் பொங்கல் விழாவுக்கு வருகிற ஒவ்வொரு குடும்பத்துக்கும் சங்கத்தின் பெயர் அச்சிட்ட துணிப் பை ஒன்று கொடுக்கலாம் என்று ஒரு யோசனை வந்திருக்கிறது. நல்ல எண்ணத்தில் சொல்லப்பட்ட யோசனைதான். ஆனாலும் அதை நான் எதிர்க்கிறேன். துணிப் பைக்கு நான் விரோதி அல்ல. கடந்த ஒன்றரை வருடமாக என் கையால் தைத்த துணிப் பையைத் தூக்கிக்கொண்டுதான் சாலைக் கம்போளத்துக்குப் போய் வருகிறேன். அந்த அனுபவத்தில்தான் எதிர்க்கிறேன். காரணங்களைச் சொல்லிவிடுகிறேன், பிறகு வாசகர்கள் முடிவு செய்யட்டும்.

பை என்பது சின்ன விஷயம், இதற்கு ஒரு கட்டுரையா என்று கேட்பவர்கள் தம்பானூரை நினைத்துப் பார்க்க வேண்டும். நமது ரயில் நிலையத்தின் தண்டவாளங்களுக்கு அடியில் ஆமையிழஞ்சான் தோடு ஓடுகிறது. நூறு மீட்டருக்கு மேல் இருட்டுக்குள்ளேயே போகும் தண்ணீர் அது. 2024 ஜூலை 13 அன்று, கொட்டுகிற மழைக்கு நடுவே, அங்கே குப்பை அகற்ற இறங்கிய ஒரு தொழிலாளி வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டார். முக்குளிப்பவர்கள் பிளாஸ்டிக் குப்பை மலையைத் தள்ளித் தள்ளித் தேடினார்கள். மூன்றாம் நாள்தான் உடல் கிடைத்தது. யார் பொறுப்பு என்று ரயில்வேயும் மாநகராட்சியும் வாதிட்டுக்கொண்டன. 36 வருடங்கள் ரயில்வே சம்பளம் வாங்கியவன் நான். அந்த மூன்று நாட்களும் தொலைக்காட்சியைப் பார்க்கவும் முடியவில்லை, அணைக்கவும் முடியவில்லை. அந்த மலையில் நான் எறிந்த கவர் எத்தனை, நீங்கள் எறிந்த கவர் எத்தனை என்று யார் பிரித்துச் சொல்ல முடியும்?

சட்டம் இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதலும், கேரளத்தில் 2020 ஜனவரி 1 முதலும், ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தது. 2021 டிசம்பரில் தமிழக அரசு 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கியது. மறு வருடம் கோயம்பேடு சந்தையில் 10 ரூபாய் போட்டால் மஞ்சள் பை தரும் இயந்திரம் கூட வைத்தார்கள். இவ்வளவுக்குப் பிறகும் மீன் கடையிலும் காய்கறிக் கடையிலும் "கவர் வேணோ?" என்ற கேள்வி நிற்கவில்லை. வெறுங்கையோடு போய் நிற்கிற நாமும் "வேணும்" என்றுதான் சொல்கிறோம்.

அப்படியானால் ஆளுக்கொரு துணிப் பை கொடுப்பது நல்லதுதானே என்று கேட்பீர்கள். போன வருடம் நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு நாள் எங்கள் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும் பைகளை இறக்கி எண்ணினேன். மொத்தம் 31. கல்யாணத்தில் தாம்பூலத்தோடு வந்தவை, ஜவுளிக்கடையில் தந்தவை, கருத்தரங்கில் கொடுத்தவை, இப்படி. அவற்றில் 8 பைகள் துணியே அல்ல. துணி மாதிரித் தோன்றும் பாலிபுரொப்பிலீன். சந்தேகம் இருந்தால் ஓரத்தில் ஓர் இழையைக் கத்தரித்து இடுக்கியில் பிடித்துத் தீயில் காட்டுங்கள். பருத்தி எரிந்து சாம்பலாகும். இது உருகி முத்துப் போல உருளும். மிச்சம் 23 பருத்திப் பைகள்.

இங்கேதான் கணக்கு வருகிறது. 2011-ல் இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் துறை ஓர் ஆய்வை வெளியிட்டது. பருத்தி விளைவிக்க, நூற்க, நெய்ய ஆகும் செலவையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், வெப்பமாதலைப் பொறுத்தவரை ஒரு பருத்திப் பையை 131 முறையாவது பயன்படுத்தினால்தான் ஒரு முறை பயன்படுத்தி எறியும் மெல்லிய பிளாஸ்டிக் கவருக்குச் சமமாகும் என்றது அது. 2018-ல் டென்மார்க்கில் செய்த ஆய்வு வேறு விதமாகக் கணக்கிட்டு, வெப்பமாதலை மட்டும் பார்த்தால் 52 முறை என்றும், எல்லா விதமான பாதிப்பையும் சேர்த்தால் 7,100 முறை என்றும் சொன்னது. இந்த ஆய்வுகளில் தோட்டை அடைக்கும் குப்பையின் கணக்கு கிடையாது. எனவே கவரே மேல் என்று இதற்கு அர்த்தமில்லை. ஆனால் ஆணியில் தொங்கும் துணிப் பையால் யாருக்கும் நன்மை இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

23 பைகளை 131 முறை வீதம் பயன்படுத்த வேண்டுமானால் 3,013 முறை கடைக்குப் போக வேண்டும். வாரத்துக்கு இரண்டு முறை என்றால் ஏறக்குறைய 29 வருடங்கள். எனக்கு இப்போது வயது 67. கணக்கு நேராகும்போது 96 ஆகியிருக்கும்! இதில் சங்கம் இன்னும் ஒன்று தரப் போகிறது.

சரி, ஏன் அவற்றை எடுத்துப் போவதில்லை? சோம்பல் பாதி, பையின் லட்சணம் மீதி. ஒற்றைத் துணியில் தைத்த பை தரையில் வைத்தால் சரிந்து விழும். தக்காளி அடியில் போய் நசுங்கும். காதுகள் விரலை அறுக்கும். பாரம் ஏறினால் பிய்ந்துகொள்ளும். அப்படிப்பட்ட பையை 131 முறை எவன் தூக்குவான்? அடிப்பாகம் அகலமாக, தானாக நிமிர்ந்து நிற்கிற, எட்டுக் கிலோ தாங்குகிற பை இருந்தால் தூக்குவான். அதைத் தைத்துப் பார்த்துவிடுவது என்று இறங்கினேன்.

நான் சிவில் டிப்ளமோ படித்தவன். வரைபடம் போடாமல் எதையும் தொடங்கியது கிடையாது. பை 14 அங்குல அகலம், 13 அங்குல உயரம், அடிப்பாகம் 6 அங்குலம் என்று வைத்துக்கொண்டு தாளில் வரைந்து, துணியையும் வெட்டிவிட்டேன். என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "தண்டவாளத்துக்கு நடுவுல இடைவெளி விடுவீங்களே, துணிக்குத் தையலுக்கு இடம் விட மாட்டீங்களா?" என்றாள். வெட்டிய துணி தலையணை உறை ஆயிற்று.

சரியான கணக்கு இது. முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்றாக இரண்டு துண்டுகள். ஒவ்வொன்றும் 21 அங்குல அகலம், 17 அங்குல உயரம். இதில் சுற்றிலும் அரை அங்குலம் தையலுக்குப் போய்விடும். கீழ் மூலைகள் இரண்டிலும் 3 அங்குலச் சதுரத்தை வெட்டி எடுத்துவிட வேண்டும். அடிப்பாகத்தில் சரிபாதி அது. பக்கங்களையும் அடியையும் தைத்த பிறகு, அந்த வெட்டிய மூலையை விரித்து, பக்கத் தையலும் அடித் தையலும் ஒன்றோடொன்று சேரும்படி வைத்துக் குறுக்கே தைத்தால், தட்டையாக இருந்த துணி பெட்டியாக எழுந்து நிற்கும். அந்த இடத்தில் எனக்கு உண்டான சந்தோஷம், முதன்முதலில் ஒரு பாலத்தின் மேல் வண்டி போனதைப் பார்த்தபோது உண்டான சந்தோஷத்துக்குக் குறைந்தது அல்ல.

மேலே பழைய கெட்டித் திரைச்சீலை, உள்ளே பழைய வேட்டி. பை விறைப்பாக நிற்க நடுவில் ஒரு கேன்வாஸ் துணி. இது மட்டும்தான் விலைக்கு வாங்கியது. கஞ்சி ஏற்றிய பக்ரம் வேண்டாம், நனைந்தால் தொய்ந்துவிடும். கேன்வாஸை முதலில் நனைத்துக் காய வைத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் சுருங்கும். அதைச் சுற்றிலும் அரை அங்குலம் குறைத்து வெட்டி, மேல் துணியோடு கட்டம் கட்டமாகத் தைத்துவிட்டால் ஓரங்கள் தடிக்காது. வீட்டு மெஷினே போதும். 16-ஆம் எண் ஊசி போட்டு, தையலைக் கொஞ்சம் நீளமாக வைத்து, மெதுவாக மிதிக்க வேண்டும். வேட்டித் துணியையும் அதே அளவில் தனியாகத் தைத்து உள்ளே இறக்கி, இரண்டின் வாயையும் அரை அங்குலம் உள்பக்கம் மடித்து ஒன்றாகத் தைத்தால் பை முடிந்தது.

காதில்தான் மறுபடியும் சறுக்கினேன். எட்டுக் கிலோ பாரம், காதுகளுக்கு நாலு முனை, முனைக்கு இரண்டு கிலோ என்று கணக்குப் போட்டு, பையின் விளிம்பில் ஒரே வரி தைத்து விட்டுவிட்டேன். மூன்றாவது தடவை கடைத்தெருவில் ஒரு காது பிய்ந்து, சின்ன வெங்காயம் நடுரோட்டில் உருண்டது. நிற்கிற வண்டியின் பாரம் வேறு, ஓடுகிற வண்டியின் பாரம் வேறு என்று பாலத்துக்குக் கணக்குப் போடும்போது சேர்த்துக்கொள்வோம். நடக்கும்போது பையும் குலுங்கும் என்பது எனக்குத் தோன்றவில்லை. இப்போது 32 அங்குல நீளம், 4 அங்குல அகலத் துணியை நாலாக மடித்துத் தைத்த காது. அதன் முனைகள் விளிம்பிலிருந்து 4 அங்குலம் கீழே இறங்கும். அங்கே சதுரமாகத் தைத்து, நடுவில் பெருக்கல் குறி போலக் குறுக்கே இரண்டு தையல். பின்பக்கம் ஓர் ஒட்டுத் துணி. உள்துணியை இறக்குவதற்கு முன்பே இந்த வேலையை முடித்துவிட வேண்டும். அதற்குப் பிறகு ஒரு காதும் பிய்யவில்லை. கடைக்குப் போய் வந்ததைக் காலண்டரில் குறித்து வருகிறேன். இதுவரை 148 முறை.

குறையும் உண்டு. இந்தப் பையை மடித்துச் சட்டைப் பையில் செருக முடியாது. அதனால் செருப்பு வைக்கும் இடத்திலேயே ஒரு கொக்கி அடித்து மாட்டியிருக்கிறேன். செருப்பை மாட்டும்போது பை கண்ணில் படும், மறக்க வழியில்லை.

எனவே சங்கத்துக்கு என் யோசனை இது. பை வாங்க ஒதுக்கும் பணத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு தையல் மெஷின்களுக்கு ஏற்பாடு செய்யுங்கள். பழுப்புத் தாளில் இந்த அளவுகளை வெட்டி வையுங்கள். வருகிறவர்கள் வீட்டிலிருந்து ஒரு பழைய திரைச்சீலையும் ஒரு பழைய வேட்டியும் கொண்டு வரட்டும். புதுப் பருத்தி வாங்காததால் அந்த 131 என்ற கணக்கிலும் பெரும்பகுதி குறைந்துவிடும். ஆண்களும் வர வேண்டும். தையல் பெண்கள் வேலை என்று நினைக்கிறவர்கள் கடைத்தெருவில் தையல் மெஷின் மிதிப்பவர்களில் எத்தனை பேர் ஆண்கள் என்று பார்த்துவிட்டு வரட்டும். தைக்க முடியாதவர்கள் இதே அளவைப் பக்கத்துத் தையற்காரரிடமோ குடும்பஸ்ரீ பெண்களிடமோ கொடுத்து, கூலி கொடுத்துத் தைத்துக்கொள்ளலாம். நாலு பேருக்குப் பிழைப்பும் ஆயிற்று.

இலவசமாக வருகிற பை ஆணிக்குப் போகும் என்பதற்கு என் வீட்டுக் கதவே சாட்சி. உட்கார்ந்து வெட்டி, பிரித்து, திரும்பத் தைத்த பையை யாரும் ஆணியில் விட்டுவிட்டுப் போக மாட்டார்கள்.

நம் பிள்ளைகள் பள்ளியில் மலையாளம் படிக்கிறார்கள், வேலைக்கு எங்கெங்கோ போகிறார்கள். அவர்களுக்கு 'மஞ்சப்பை' என்றால் பட்டிக்காட்டானைக் கேலி செய்யும் சொல். அதே பையை நிமிர்ந்து நிற்கும்படி தைத்துக் கொடுத்தால் அவர்களும் கூச்சப்படாமல் தூக்குவார்கள் என்று நம்புகிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமையை முடிவு செய்துவிட்டுச் சொல்லுங்கள். எங்கள் வீட்டு மெஷினை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு நான் வருகிறேன். என் மனைவியும் வருவாள், என் கணக்கைச் சரிபார்க்க.